மடக்கு சைக்கிளும் பந்தய சைக்கிளும்: லண்டன் சாலையில் ஓர் அடக்க விலைக் கணக்கு



நம் ஏட்டில் ஜி.எஸ்.டி. படிவம், எடைக்கல் முத்திரை, உணவுப் பாதுகாப்பு உரிமம், பருப்பு விலை நிலவரம் என்று படித்துப் பழகியவர்களுக்கு, இந்த இதழில் சைக்கிளைப் பற்றி ஒரு கட்டுரை எதற்கு என்று தோன்றலாம். நம்மில் பலர் வியாபாரத்தைத் தொடங்கியதே சைக்கிளில்தான். கேரியரில் சாக்கை வைத்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டி, ஒரு கையால் ஹேண்டில்பாரையும் மறு கையால் மூட்டையையும் பிடித்துத் தள்ளிக்கொண்டு மண்டிக்கும் கடைக்கும் நடந்த காலத்தை மறந்துவிட முடியாது. அதனால் சைக்கிள் நமக்கு அந்நியப் பொருள் அல்ல. இங்கே நான் சொல்லப்போவது சரக்கு ஏற்றும் சைக்கிளைப் பற்றியும் அல்ல. அலுவலகத்துக்குப் போகிறவர்கள் ஓட்டும் இரண்டு விதமான சைக்கிள்களுக்கு இடையே, வெளிநாட்டு வீதி ஒன்றில் நாள்தோறும் நடக்கும் ஒரு செல்லப் போட்டியைப் பற்றி.

சென்ற ஆண்டு மூன்று வாரம் லண்டன் மாநகரின் தென்பகுதியில் டூட்டிங் என்ற இடத்தில் என் தங்கை வீட்டில் தங்கியிருந்தேன். தங்கை கணவர் அங்கே மளிகைக் கடை வைத்திருக்கிறார். டூட்டிங் கடைவீதியில் தமிழர் கடைகள் பல உண்டு. பொன்னி அரிசி, முருங்கைக்காய், கறிவேப்பிலை, நல்லெண்ணெய், அப்பளம் என்று நம்மூர்ச் சாமான் அத்தனையும் கிடைக்கும். ஊர் சுற்றிப் பார்க்க எனக்கு அவ்வளவு ஆசை இல்லை. கடைக்காரனுக்குக் கடைதான் பொழுதுபோக்கு. காலையில் மாப்பிள்ளை ஷட்டரைத் தூக்கும்போதே நானும் போய்க் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிடுவேன்.

அங்கே உட்கார்ந்து பார்த்தபோதுதான் அந்தக் கூட்டம் கண்ணில் பட்டது. காலை ஏழரை மணி ஆனதும் வடக்கு நோக்கிச் சைக்கிள்கள் ஆறாக ஓடத் தொடங்கும். 2010-ஆம் ஆண்டு ஜூலை மாதம் லண்டன் போக்குவரத்து நிர்வாகம் இந்தச் சாலையில் சைக்கிளுக்கென்று நீல வண்ணத் தடம் போட்டுத் திறந்தது. 'சைக்கிள் சூப்பர்ஹைவே 7' என்று அப்போது பெயர். பின்னாளில் 'சைக்கிள்வே' என்று மாற்றிவிட்டார்கள். காலியர்ஸ் வுட்டில் தொடங்கி டூட்டிங், பாலம், கிளாப்பம், ஸ்டாக்வெல், ஓவல், எலிஃபண்ட் அண்ட் காசில் வழியாகச் சதக் பாலத்தில் தேம்ஸ் நதியைத் தாண்டி, வங்கிகளும் கம்பெனிகளும் நிறைந்த 'சிட்டி' பகுதிக்குப் போகிறது. சுமார் 13 கிலோமீட்டர். அதே வழியில் சாலைக்கு அடியில் நார்தர்ன் லைன் என்ற சுரங்க ரயிலும் ஓடுகிறது. இந்த ரயில் பின்னால் கதைக்குள் வரும், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கூட்டத்தில் இரண்டு ஜாதிச் சைக்கிள்கள் தனித்துத் தெரியும். ஒன்று, ஆட்டுக்கடா கொம்பு போல் வளைந்த ஹேண்டில்பாரும் ஒல்லி டயரும் உள்ள பந்தய சைக்கிள். அவர்கள் ரோடு பைக் என்கிறார்கள். ஓட்டுபவர் உடம்போடு ஒட்டிய லைக்ரா உடை அணிந்து, முதுகை வளைத்து, பெடலோடு மாட்டிக்கொள்ளும் செருப்பு போட்டிருப்பார். இப்படிக் கிளம்பும் நடுத்தர வயது ஆண்களுக்கு 2010-இல் ஒரு சந்தை ஆய்வு நிறுவனம் 'மாமில்' என்று கேலிப்பெயர் வைத்தது. நம் காதுக்கு மாமா என்பது போலவே கேட்கிறது. பொருளும் ஏறக்குறைய அதேதான்.

மற்றொன்று மடக்கு சைக்கிள். சின்னஞ்சிறு சக்கரம், 16 அங்குலம். பள்ளிப் பிள்ளையின் சைக்கிள் போல இருக்கும். ஆனால் ஓட்டுபவர் கோட்டு, டை, தோல் ஷூவோடு நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். லண்டனில் மடக்கு சைக்கிள் என்றால் பெரும்பாலும் பிராம்ப்டன்தான். போய்ச் சேர்ந்ததும் 20 விநாடியில் மூன்றாக மடித்து, நம் பெரிய சூட்கேஸ் அளவுக்குச் சுருக்கிக் கையில் தூக்கிக்கொண்டு போய்விடலாம். எடை 10 முதல் 12 கிலோ. ஒரு சிறிய அரிசிப் பை அளவுதான்.

மாப்பிள்ளையின் கடைக்கு மாலையில் வரும் வாடிக்கையாளர்களில் இரண்டு வெள்ளைக்காரர்கள் உண்டு. ஒருவர் பந்தய சைக்கிள்காரர், மற்றவர் மடக்கு சைக்கிள்காரர். இருவருக்கும் வீடு டூட்டிங் பக்கம். இருவருக்கும் வேலை சிட்டியில், வெவ்வேறு கம்பெனி. பல நாள் ஒரே சிக்னலில் நின்று நின்று முகம் பழகி, பிறகு நம் கடையில் சமோசா வாங்கும்போது பேசிப் பழகியவர்கள். "மச்சான், இவங்க ரெண்டு பேருக்கும் ஒரு பந்தயம் உண்டு. கணக்கு நான்தான் எழுதணும்" என்று மாப்பிள்ளை காலண்டர் தாளின் பின்பக்கத்தைக் காட்டினார். ம என்று ஒரு கட்டம், ப என்று ஒரு கட்டம். தினமும் ஒரு கோடு.

பந்தய விதி எளியது. கடை வாசலைத் தாண்டும் நேரத்திலிருந்து, அலுவலகத்தில் தத்தம் நாற்காலியில் உட்காரும் நேரம் வரை. உட்கார்ந்ததும் ஒருவருக்கொருவர் குறுஞ்செய்தி. பணம் காசு கிடையாது. வார இறுதியில் தோற்றவர் இரண்டு சமோசா வாங்கித் தர வேண்டும். வழியில் சிவப்பு விளக்கைத் தாண்டக் கூடாது, நடைபாதையில் ஏறக் கூடாது. சிக்னலில் நிற்கும் ஆளைத் தாண்டி முன்னால் போய் நின்றால் அது முந்தியதாக ஆகாது. ஓடும்போது முந்த வேண்டும். ஒருவருக்குப் பஞ்சர் என்றால் மற்றவரும் நிற்க வேண்டும், அன்றைய பந்தயம் ரத்து. எழுதி வைக்காத இந்த விதிகள் இவ்விருவருக்கு மட்டும் சொந்தமல்ல. லண்டனில் வேலைக்குச் சைக்கிளில் போகிறவர்கள் பலர் இப்படி அரை விளையாட்டாக, முன்பின் தெரியாதவரோடுகூட மனத்துக்குள் பந்தயம் விடுகிறார்கள். ஆயிரக்கணக்கான பவுன் கொடுத்து வாங்கிய பந்தய சைக்கிள்காரருக்கு, டை கட்டிய ஓர் ஆள் பொம்மைச் சக்கரத்தில் தன்னைக் கடந்து போவதைவிடப் பெரிய அவமானம் வேறு இல்லையாம். மடக்கு சைக்கிள்காரருக்கோ அதைவிடப் பெரிய ஆனந்தம் இல்லை.

சின்னச் சக்கரம் மெதுவா?

எனக்கு முதலில் எழுந்த கேள்வி இதுதான். சக்கரம் சின்னது என்றால் எப்படிப் பெரிய சக்கரத்தோடு ஈடுகொடுக்கும்? காலை எத்தனை தடவை சுற்ற வேண்டும்?

விடை செயினில் இருக்கிறது. பந்தய சைக்கிளின் சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2.1 மீட்டர் ஓடும். மடக்கு சைக்கிளின் சக்கரம் 1.3 மீட்டர்தான். ஆனால் மடக்கு சைக்கிளில் பெடல் பக்கம் 50 பல் உள்ள பெரிய பல்சக்கரமும், பின்சக்கரத்தில் 13 பல் உள்ள சிறிய பல்சக்கரமும் வைக்கிறார்கள். ஆக, பெடலை ஒரு சுற்று மிதித்தால் பின்சக்கரம் கிட்டத்தட்ட நான்கு சுற்று சுற்றும். 5 மீட்டர் கடந்துவிடும். கியரை ஏற்றினால் இன்னும் கூடும். சின்னப் படியாக இருந்தாலும் நான்கு தடவை அளந்தால் பெரிய படிக்கு ஈடாகிவிடுவது போலத்தான். தவிர, சிறிய சக்கரம் இலேசானது என்பதால் நின்ற இடத்திலிருந்து சட்டென்று கிளம்பும். பச்சை விளக்கு விழுந்ததும் முதல் பத்துப் பன்னிரண்டு கெஜத்தில் மடக்கு சைக்கிள்காரர் பலமுறை முந்துவதை நானே கண்டேன். பந்தய சைக்கிள்காரர் அப்போதுதான் செருப்பைப் பெடலில் மாட்டத் தடவிக்கொண்டிருப்பார்.

அதற்குப் பிறகு கதை மாறும். உண்மையான எதிரி சக்கரம் அல்ல, காற்று. வேகம் கூடக் கூடக் காற்றைத் தள்ளுவதற்கு வேண்டிய சக்தி மூன்று மடங்குப் பெருக்கத்தில் ஏறும். அதாவது வேகம் இரட்டித்தால் காற்றுக்கான செலவு எட்டு மடங்கு. மணிக்கு 20 கிலோமீட்டரிலிருந்து 30-க்குப் போனாலே மூன்று மடங்குக்கு மேல் ஆகிவிடுகிறது. குனிந்து ஓட்டுபவர் காற்றுக்குக் காட்டும் பரப்பு குறைவு. கோட்டுப் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்தவர் விரித்த குடை போல. எனவே நீண்ட, தடையில்லாத சாலையில் பந்தய சைக்கிளை மடக்கு சைக்கிள் பிடிக்கவே முடியாது. குழியில் விழுந்து எழுவதிலும் சின்னச் சக்கரத்துக்குச் சிரமம் அதிகம். இதில் மறைக்க ஒன்றுமில்லை.

ஆனால் டூட்டிங்கிலிருந்து சிட்டி வரை நீண்ட, தடையில்லாத சாலை எங்கே இருக்கிறது? சிக்னலுக்குச் சிக்னல். முன்னால் பறந்து போனவர் சிவப்பு விளக்கில் காத்திருப்பார். பின்னால் நிதானமாக வந்தவர் அதே விளக்கில் அவர் தோளுக்குப் பக்கத்தில் வந்து நின்று 'குட்மார்னிங்' சொல்வார். கோயம்பேட்டு வாசலில் முந்தி வந்த லாரியும் பிந்தி வந்த லாரியும் ஒரே வரிசையில் நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அடக்க விலை

இப்போது நம் தொழில் கணக்குக்கு வருவோம். ஒரு மூட்டைத் துவரம் பருப்பை மண்டியில் மலிவாகக் கொடுக்கிறார்கள் என்று ஓடுகிறோம். லாரி வாடகை, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, சாக்கு எடை, சேதாரம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், பக்கத்து ஊர் மொத்த வியாபாரி சொன்ன விலைக்கே வந்து நிற்கிறது. கொள்முதல் விலை வேறு, அடக்க விலை வேறு. அனுபவம் இல்லாத வியாபாரிதான் முதலாவதைப் பார்த்து மயங்குவான்.

சைக்கிள் பந்தயத்திலும் சாலை வேகம் என்பது வெறும் கொள்முதல் விலை. இவர்கள் இருவரும் சொன்னதை வைத்து நான் போட்டுப் பார்த்த கணக்கு இது. பந்தய சைக்கிள்காரர் ஓடும்போது மணிக்கு 28 கிலோமீட்டர் போகிறார் என்றால் 13 கிலோமீட்டருக்கு 28 நிமிடம். மடக்கு சைக்கிள்காரர் 22 கிலோமீட்டர் போனால் சுமார் 35 நிமிடம். வித்தியாசம் 7 நிமிடம். சிக்னல்களில் இரண்டு நிமிடம் கரைந்துபோகிறது; மிச்சம் 5. இனிமேல்தான் பந்தய சைக்கிள்காரருக்குச் 'செலவு' ஆரம்பம். நிலவறையில் சைக்கிள் நிறுத்துமிடத்துக்குப் போய், ஒன்றுக்கு இரண்டு பூட்டுப் போட வேண்டும். லண்டனில் சைக்கிள் திருட்டு அப்படி. அதற்கு 3 நிமிடம். வியர்வை உடையைக் கழற்றி, அவசரமாக உடம்பைக் கழுவி, அலுவலக உடைக்கு மாற 6 நிமிடம். மொத்தம் 9. மடக்கு சைக்கிள்காரர் வாசலிலேயே மடித்து, லிஃப்டில் ஏறி, முகத்தைத் துடைத்து, சைக்கிளை மேசைக்கு அடியில் தள்ளிவிட்டு உட்கார 4 நிமிடம். அந்த 5 நிமிட லாபமும் போய்விட்டது. நாற்காலிக் கணக்கில் சரிசமம்.

இதனால்தான் போட்டி வருஷக்கணக்கில் சலிக்காமல் நடக்கிறது என்பது என் அபிப்பிராயம். ஒருவர் எப்போதும் ஜெயிப்பவராக இருந்தால் இரண்டே வாரத்தில் மற்றவர் விலகியிருப்பார். எதிர்க்காற்று அடிக்கும் நாளில் ஒருவருக்குச் சாதகம், பச்சை விளக்கு வரிசையாகக் கிடைக்கும் நாளில் அவருக்கே சாதகம், நெரிசல் நாளில் மற்றவருக்கு. இரண்டு பேரும் வேறு வேறு சரக்கை விற்கிறார்கள். ஒரே தெருவில் எதிரெதிராக நாட்டு மருந்துக் கடையும் மளிகைக் கடையும் இருந்து, பெருங்காயமும் சுக்கும் இரண்டிலும் கிடைத்தால் எப்படி இருக்குமோ அப்படி.

மழை நாளும் ஒரு வழக்கும்

நான் இருந்த இரண்டாவது வாரம் ஒரு நாள் பெருமழை. அன்று மாலை இருவரும் கடைக்கு வந்தபோது வழக்கு முற்றியிருந்தது. நடந்தது இதுதான்: காலையில் இருவரும் கடையைத் தாண்டினார்கள். பாலம் வரை ஒன்றாகப் போனார்கள். மழை வலுத்ததும் மடக்கு சைக்கிள்காரர் ரயில் நிலையத்தில் சைக்கிளை மடித்து, கையில் எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். நார்தர்ன் லைனில் ஏறி பாங்க் நிலையத்தில் கரையேறி, சொட்டு ஈரம் இல்லாமல் நாற்காலியில் உட்கார்ந்து செய்தி அனுப்பிவிட்டார். மற்றவர் நனைந்த கோழியாக வந்து சேர்ந்தார்.

பந்தய சைக்கிளை அந்த ரயிலில் ஏற்ற முடியாதா என்று கேட்டேன். முடியாது. லண்டன் சுரங்க ரயிலில் மடங்காத சைக்கிளுக்குக் காலையிலும் மாலையிலும் நெரிசல் நேரத்தில் அனுமதி இல்லை. ஆழச் சுரங்கத்தில் ஓடும் இந்தப் பகுதியில் எந்த நேரத்திலும் இல்லை. மடித்த சைக்கிளோ பெட்டி படுக்கைக்குச் சமம், எப்போதும் ஏற்றலாம்.

"இது ஏமாற்று" என்றார் ஒருவர். "விதியில் ரயில் கூடாது என்று எங்கே இருக்கிறது? என் சைக்கிள் முழு வழியும் என்னோடுதான் வந்தது" என்றார் மற்றவர். தீர்ப்புச் சொல்லுமாறு மாப்பிள்ளையைக் கேட்டார்கள். அவர் என்னைப் பார்த்தார். "மச்சான், நீங்க சங்கத்துல பஞ்சாயத்து பண்ணினவர்தானே, சொல்லுங்க" என்றார். நான் இரண்டு தரப்பும் எழுத்தில் தர வேண்டும் என்று சொல்லி, வழக்கை ஒத்திவைத்தேன். நம் சங்கத்தில் கற்ற வித்தை வீண்போகவில்லை.

முப்பது பேர் கொடுத்த முன்பணம்

மடக்கு சைக்கிளின் பிறப்பைச் சொல்லாமல் விட மனமில்லை. வியாபாரிகள் தெரிந்துகொள்ள வேண்டிய கதை. மடக்கும் சைக்கிள் என்ற யோசனை பழையது. நம் தகப்பனார் காலத்துப் பி.எஸ்.ஏ. பெயரை எல்லோரும் அறிவோம். அந்த இங்கிலாந்துக் கம்பெனி இரண்டாம் உலகப் போரில் பாராசூட் வீரர்களுக்காக மடக்கு சைக்கிள் செய்து கொடுத்தது. ஆனால் அது ராணுவத்துக்கு.

1975-ஆம் ஆண்டளவில் ஆண்ட்ரூ ரிச்சி என்பவர், கேம்பிரிட்ஜில் பொறியியல் படித்துவிட்டுத் தோட்டம் அமைக்கும் வேலை செய்துகொண்டிருந்தார். பிக்கர்டன் என்ற அலுமினிய மடக்கு சைக்கிளைப் பார்த்து, இதைவிட நன்றாகச் செய்யலாம் என்று லண்டனில் தன் வீட்டு அறையிலேயே மாதிரி செய்யத் தொடங்கினார். பத்து நண்பர்கள் தலைக்கு 100 பவுன் போட்டார்கள். ஜன்னல் வழியே பிராம்ப்டன் ஆரட்டரி என்ற தேவாலயம் தெரியும். அதன் பெயரையே சைக்கிளுக்கு வைத்தார். பெரிய கம்பெனிகளிடம் கொண்டுபோனார். ராலே உட்பட யாரும் ஏற்கவில்லை. ராலே என்றால் அந்நாளில் சைக்கிள் உலகின் ராஜா. நம்மூரிலும் கல்யாணச் சீர்வரிசையில் பெருமையாக வைத்த பெயர். ராஜா வேண்டாம் என்று சொன்ன சரக்கை வேறு யார் தொடுவார்?

ரிச்சி வாடிக்கையாளர்களிடமே போனார். 30 பேர் முன்பணம் கொடுத்துப் பதிவு செய்தார்கள். அந்தப் பணத்தில்தான் 1981-இல் உற்பத்தி ஆரம்பித்தது. நடுவில் முதல் இல்லாமல் நின்றும் போனது. நேம் ஆடியோ என்ற ஒலிக்கருவி நிறுவனத்தை நடத்திய ஜூலியன் வெரெக்கர், தாமே மடக்கு சைக்கிள் ஓட்டி மகிழ்ந்தவர், கைகொடுத்த பிறகு 1980-களின் பிற்பகுதியில் மீண்டும் தலையெடுத்தது. 1995-இல் ஏற்றுமதிக்காக ராணியின் விருது. 2022-இல் பத்து லட்சமாவது சைக்கிள். இத்தனை ஆண்டும் அடிப்படை அமைப்பு பெரிதாக மாறவில்லை. சட்டத்தைப் பற்றவைக்கும் தொழிலாளி ஒவ்வொருவரும் தம் அடையாளக் குறியை அதில் பதிக்கிறார் என்பது என்னைக் கவர்ந்த செய்தி. எடைக்கல்லில் முத்திரை இருப்பது போல.

பந்தய சைக்கிள் பக்கத்திலும் வியாபாரச் செய்தி உண்டு. 1999-ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தில் பிரிட்டிஷ் அரசு ஒரு சலுகை கொடுத்தது. முதலாளி சைக்கிளை வாங்கித் தொழிலாளிக்குக் கொடுத்து, வரி கழிக்கும் முன்பே சம்பளத்தில் மாதாமாதம் பிடித்துக்கொள்ளலாம். நடைமுறையில் 1000 பவுன் வரைதான் பெரும்பாலான நிறுவனங்கள் அனுமதித்தன. விளைவு என்ன? கடைகளில் 999 பவுன் விலைச் சீட்டோடு சைக்கிள்கள் குவிந்தன. பாட்டா கடை விலை நமக்கு மட்டும் உரியதல்ல. 2019-இல் அந்த உச்சவரம்பு தளர்ந்தது. 2012-இல் பிராட்லி விக்கின்ஸ் பிரான்சு நாட்டுப் பந்தயத்தில் வென்ற முதல் பிரிட்டிஷ்காரர் ஆனதும், அதே ஆண்டு லண்டன் ஒலிம்பிக் நடந்ததும் பந்தய சைக்கிளுக்கு இன்னும் மவுசு சேர்த்தன.

இரண்டு ஜாதிக்கும் உள்ள கேலியை மடக்கு சைக்கிள் கம்பெனியே விழாவாக்கிவிட்டது. 2006-இல் ஸ்பெயினின் பார்சிலோனாவில் தொடங்கிய பிராம்ப்டன் உலகப் பந்தயத்தில் கோட்டு, காலர் வைத்த சட்டை, டை கட்டாயம். லைக்ரா வெளியே தெரியக் கூடாது. மடித்து வைத்த சைக்கிளை நோக்கி ஓடிப்போய், விரித்து ஏறிக் கிளம்ப வேண்டும். தொழில்முறைப் பந்தய வீரர்களும் டை கட்டிக்கொண்டு வந்து இதில் ஓட்டியிருக்கிறார்கள். 2015-இல் லண்டன் அரண்மனைக்குப் பக்கத்தில் செயின்ட் ஜேம்ஸ் பூங்காவைச் சுற்றி நடத்தினார்கள்.

நம் சரக்கு லாரி

இனிச் சொல்வது சிரிக்கும் விஷயம் அல்ல. என் மூன்றாவது வாரத்தில், ஒரு வியாழக்கிழமை. காலை எட்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால். மாப்பிள்ளைக்கு அரிசியும் எண்ணெயும் கொண்டுவரும் மொத்த வியாபாரியின் லாரி அன்று வர வேண்டியது. பெரிய சாலையில் அந்த நேரத்தில் நிறுத்தி இறக்க முடியாது, அபராதம் போட்டுவிடுவார்கள். எனவே கடையைத் தாண்டி இடப்பக்கச் சந்தில் திரும்பிப் பின்கதவில் இறக்குவது வழக்கம். நம் நாட்டைப் போலவே அங்கும் இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள். நீலத்தடமும் இடப்பக்கம். லாரி ஓட்டுநரோ வலப்பக்கம் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

லாரி வேகம் குறைத்து, இடப்பக்க விளக்கைப் போட்டுத் திரும்பத் தொடங்கியது. பந்தய சைக்கிள்காரர் அன்று இரண்டு விநாடி முன்னால் இருந்தார். அந்த இரண்டு விநாடியை விட மனமில்லாமல் லாரிக்கும் நடைபாதைக்கும் நடுவில் நுழைந்தார். பின்னால் வந்த மடக்கு சைக்கிள்காரர் இரண்டு பிரேக்கையும் பிடித்துக்கொண்டு போட்ட கூச்சல் கடைக்குள் கேட்டது. லாரி நின்றது. சைக்கிள்காரர் சைக்கிளோடு நடைபாதையில் சாய்ந்தார். அவருக்கும் லாரியின் முன்சக்கரத்துக்கும் நடுவே ஒரு முழம் இருந்திருக்கும். முழங்கையில் சிராய்ப்பு, வேறொன்றுமில்லை.

லாரி ஓட்டுநர் இறங்கி வந்து கடைக்குள் ஒரு எண்ணெய் டின்மேல் உட்கார்ந்துவிட்டார். கை நடுங்கிக்கொண்டிருந்தது. என் தங்கை டீ போட்டுக் கொடுத்தாள். "நான் பார்க்கவே இல்லை, பார்க்கவே இல்லை" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் சொன்னது உண்மை. பெரிய லாரியின் இடது முன்மூலையில் ஓட்டுநர் கண்ணுக்கு எட்டாத ஒரு பரப்பு இருக்கிறது. சைக்கிளும் ஆளும் முழுதாக அதில் மறைந்துவிடுவார்கள். லண்டன் போக்குவரத்தில் லாரிகளின் பங்கு சிறியதுதான். சைக்கிள்காரர்களின் சாவுகளில் அவற்றின் பங்கு மிகப் பெரியது. இடப்பக்கம் திரும்பும் லாரிதான் அவற்றில் முக்கியமானது. அதனால்தான் 2021 மார்ச் முதல் 12 டன்னுக்கு மேற்பட்ட லாரிகளுக்கு, ஓட்டுநர் இருக்கையிலிருந்து எவ்வளவு நேரடியாகத் தெரிகிறது என்று நட்சத்திர மதிப்பிட்டு, அனுமதிச் சீட்டு இல்லாமல் ஓட்டினால் 550 பவுன் அபராதம் என்று வைத்தார்கள். 2024 அக்டோபரில் தேவையான தரத்தை மூன்று நட்சத்திரமாக உயர்த்தினார்கள். 2022 ஜனவரியில் மாற்றிய சாலை விதிப்படி, திரும்பும் வண்டி நேராகப் போகும் சைக்கிளுக்கு வழிவிட வேண்டும். அதே விதிப் புத்தகம் சந்திப்பில் பெரிய வண்டியின் இடுக்கில் நுழையாதே என்று சைக்கிள்காரரையும் எச்சரிக்கிறது. இரண்டு பேரிடமும் விதிப் புத்தகம் இருக்கும். அந்த ஒரு முழத்தில் அதைப் புரட்ட நேரம் இருக்காது.

நம் கடைத்தெருக்களை நினைத்துப் பார்த்தேன். நாம் வரவழைக்கும் மினி லாரி, பள்ளி விடும் நேரத்தில் பின்னோக்கி வந்து சந்தில் நுழைகிறது. இடப்பக்கம் சைக்கிளில் ஒரு பிள்ளை. நட்சத்திர மதிப்பீடு எதுவும் இல்லை. கிளீனர் பையன் இறங்கித் தட்டினால் உண்டு, தட்டாவிட்டால் இல்லை. சரக்கு எப்போது வர வேண்டும் என்று சொல்லும் உரிமை நம் கையில் இருக்கிறது. நாம் அதைக் கேட்பதே இல்லை.

அன்று பகல் மாப்பிள்ளை மொத்த வியாபாரிக்குப் போன் செய்தார். காலை ஆறு மணிக்குச் சிறிய வண்டியில் அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் பத்து மணிக்கு மேல் என்று கேட்டார். அந்தப் பக்கத்தில் முதலில் கூடுதல் வாடகை பேசினார்கள். நடந்ததைச் சொன்ன பிறகு ஆறு மணிக்கு ஒப்புக்கொண்டார்கள். இவர் ஒரு மணி நேரம் முன்னால் எழுந்திருக்க வேண்டும்; அவ்வளவுதான் செலவு. மாலையில் இரண்டு சைக்கிள்காரர்களும் வந்தார்கள். அதிகம் பேசவில்லை. பந்தய சைக்கிள்காரர் காலண்டர் தாளை வாங்கி, விதிகளின் கீழே தன் கையால் இன்னொன்று எழுதினார்: லாரியோ பஸ்ஸோ முன்னால் இருக்கும்போது பந்தயம் நிற்கும், பின்னால் இருப்பவர் சொல்லும் வரை மீண்டும் தொடங்காது. மற்றவர் கையெழுத்துப் போட்டார்.

வெள்ளிக்கிழமை காலை இருவரும் கடை வாசலைத் தாண்டிப் போவதைப் பார்த்தேன். கிளாப்பம் பக்கம் போகும்போது வாடகை மின்சார சைக்கிளில் ஒரு பெண், கைப்பையைக் கூடையில் போட்டுக்கொண்டு, வியர்வையே இல்லாமல் இருவரையும் முந்திப் போனாளாம். அங்கே மோட்டார் உதவி மணிக்கு 25 கிலோமீட்டர் வரைதான் என்று சட்டம். இருந்தாலும் ஏற்றத்தில் அது போதும். அன்று மாலை அந்தப் பெண்ணைப் பற்றித்தான் பேச்சு. பழைய போட்டியாளர்கள் இருவரும் ஒரே கட்சி ஆகிவிட்டார்கள்.

மூன்று வாரத்தில் வேலை நாள் 15. ஒரு நாள் ஒருவருக்கு விடுப்பு. லாரி நாள் ரத்து. மீதி 13-இல் மடக்கு 6, பந்தயம் 6. மழை நாள் வழக்கு இன்னும் என் முன்னால் நிலுவையில் இருக்கிறது. இரண்டு தரப்பின் எழுத்து வாக்குமூலமும் போன மாதம் மாப்பிள்ளை மூலமாக வந்து சேர்ந்தன. மடக்கு சைக்கிள்காரர் தன்னுடையதோடு ரயில் பயணச் சீட்டின் நகலையும் இணைத்திருக்கிறார்.